பினாயிலக்கா வளர்த்த கிருமிகள்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அது சம்பளப் பதிவேட்டை விட்டு வெளியே வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் பினாயிலக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த கணக்குப்பிள்ளைகூட அக்கா என்றே கூப்பிட்டார். அந்தப் பெயரிலிருந்து அக்காவைக் கழற்றி வைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

கருவிகளைக் கிருமி நீக்கும் அறையில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. கத்தரி, இடுக்கி, கிண்ணம், ஊசி எல்லாம் ஒரு கதவு வழியாக அழுக்காக உள்ளே வரும். கழுவி, துணியில் சுற்றி, ஆவிக்கலனில் வைத்து, சுடச்சுட இன்னொரு கதவு வழியாக வெளியே போகும். நடுவில் நின்றவள் இவள். "என்னைத் தாண்டி ஒரு கிருமி உயிரோட போனது கிடையாது" என்று அவள் சொல்லும்போது எதிரே இருப்பவர்கள் தங்கள் கைகளை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்.

இந்த வீரம் ஆஸ்பத்திரியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டிலும் அதே ஆட்சிதான். அவள் கணவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். பாவம், அவர் வேலை முடிந்து வந்தால் பின்வாசலில் சட்டையைக் கழற்றி வைத்து, முழங்கை வரை சோப்பு போட்டு, அதன் பிறகுதான் சொந்த வீட்டுக்குள் நுழைய முடியும். கதவுப் பிடியைத் தொட்டால் துடைக்க வேண்டும். துடைத்த துணியை அலச வேண்டும். அலசிய வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். "உன்னைக் கட்டிக்கிட்டதுல ஒரு லாபம், எனக்கு ஜலதோஷம்கூட வந்ததில்ல" என்பார் அவர். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் புதிய இயந்திரம் வந்தது. ஐம்பதைத் தாண்டியவர்கள் விருப்பப்பட்டால் விலகிக்கொள்ளலாம் என்றார்கள். விலகினாள். வீட்டில் உட்கார்ந்த மூன்றாம் நாள் கணவருடைய செருப்பைக் கொதிநீரில் போட்டாள். பத்தாம் நாள் அவர் ரேடியோவைத் திருகிப் பிரித்து உள்ளே ஈரத்துணியால் துடைத்தாள். அந்த ரேடியோ அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. மனிதர் அன்று மாலையே அவளுக்கு வேலை தேடக் கிளம்பிவிட்டார்.

விவசாயிகள் சங்கத்துக்குச் சொந்தமாக ஊருக்கு வெளியே ஒரு சின்ன நிலையம் இருந்தது. அங்கே ஆவிக்கலனைக் கையாளத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. கணவர் அந்தச் செய்தியை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்தார். அங்கே என்ன தயாராகிறது என்பதை மென்று விழுங்கிவிட்டார். காரியக்காரர்தான்.

முதல் நாள் நிலையத்தின் தலைவி அவளுக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். முப்பத்தைந்து வயதிருக்கும். எந்நேரமும் நுண்நோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டிருந்ததால் ஒரு கண்ணைச் சுற்றி வட்டமாகத் தடம் விழுந்திருக்கும். அவரை எல்லோரும் மேடம் என்றார்கள். உள்ளறையில் ஆட்டும் இயந்திரத்தின் மேல் கண்ணாடிக் குடுவைகள் வரிசையாகக் குலுங்கிக்கொண்டிருந்தன. உள்ளே கலங்கலான திரவம்.

"இதுல என்ன மேடம்?"

"கிருமிக்கா. ஒரு சொட்டுல கோடிக்கணக்குல இருக்கும்."

பினாயிலக்கா இரண்டடி பின்னால் போனாள். முந்தானை தானாக மூக்குக்கு ஏறியது. "எப்பக் கொல்லணும்?" என்று கேட்டாள், கைதேர்ந்தவள் குரலில்.

"கொல்லக் கூடாதுக்கா. வளர்க்கணும்."

அன்று மாலை வீட்டில் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கணவர் ரொட்டித் துண்டை டீயில் நனைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். கடைசியில் அமைதியாகச் சொன்னார்: "ஈஸ்ட்டுன்னு ஒண்ணைக் கொட்டித்தானே நான் மாவு பிசையறேன். அது என்னன்னு நினைச்ச? அதுவும் கிருமிதான். முப்பது வருஷமா அது உப்ப வச்ச ரொட்டியைத்தான் நீ சாப்பிட்டுக்கிட்டு இருக்க."

அவள் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள். பிறகு மிச்சத்தையும் சாப்பிட்டாள். வேறு என்ன செய்ய?

மறுநாள் போய் மேடத்திடம் நேராகவே கேட்டாள், இந்தக் கிருமிகளால் யாருக்கு என்ன லாபம் என்று. மேடம் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து மேசையில் போட்டார். "இந்தப் பக்கத்து மண்ணு சுண்ணாம்பு மண்ணு. விவசாயிங்க வருஷா வருஷம் மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், உரம் போடறாங்க. அதுல கொஞ்சம்தான் செடிக்குப் போகுது. மிச்சம் சுண்ணாம்போட சேர்ந்து இறுகிடுது. மண்ணுல சத்து நிறைய இருக்கு, ஆனா வேரால உறிஞ்ச முடியல. இந்தக் கிருமிங்க வேர்கிட்ட உக்காந்து ஒரு புளிப்பைச் சுரக்கும். அது பட்டா அந்த இறுக்கம் கரைஞ்சிடும்."

பினாயிலக்காவின் முகம் மாறியது. ஆவிக்கலனின் அடியில் மாதா மாதம் வெள்ளையாகப் படியும் உப்புப் படிவத்தை எத்தனை முறை வினிகர் ஊற்றிக் கரைத்திருக்கிறாள். சுரண்டினால் வராது, தேய்த்தால் வராது. புளிப்பு பட்டதும் பொரிந்து விட்டுக்கொடுத்துவிடும். "அட, இதுங்க என் வேலையைத்தான் செய்யுதா" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கும் கிருமிகளுக்கும் சமாதானம்.

சமாதானம் என்ன, சொந்தமே கொண்டாட ஆரம்பித்துவிட்டாள். இந்த வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. வேண்டிய ஒரு கிருமியை வளர்க்க வேண்டுமானால் வேண்டாத ஆயிரத்தை முதலில் ஒழிக்க வேண்டும். குடுவை, குழாய், கிருமியைக் கலந்து பொட்டலம் கட்டுகிற கரி மண் தூள், எல்லாம் ஆவியில் வெந்து சுத்தமான பிறகுதான் நல்லதை உள்ளே விடலாம். இவள் வருவதற்கு முன் அங்கே மூன்று தடவை வளர்த்தால் ஒரு தடவை கறுப்புப் பூஞ்சை பூத்துக் கெட்டுப்போகும். இவள் வந்தபின் ஆறு மாதம், ஒரு குடுவைகூடக் கெடவில்லை. சங்கத்துக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். மேடம் சோதனைத் தட்டுகளைக் காட்டும்போது பினாயிலக்கா பெற்றவள் மாதிரி எட்டிப் பார்ப்பாள். பால் நிறத்தில் உறைந்திருக்கும் தட்டில் கிருமிக் கூட்டம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாக முளைத்திருக்கும். புள்ளியைச் சுற்றிப் பால் கரைந்து தெளிந்த வளையம் இருக்கும். "வளையம் பெருசா இருக்கிறவன் கெட்டிக்காரன்" என்று மேடம் சொல்லிக் கொடுத்ததை வைத்து, பினாயிலக்கா தட்டுக்குத் தட்டு கெட்டிக்காரர்களைத் தேர்ந்தெடுத்து அவர்களிடம் பேசவும் செய்தாள்.

இவ்வளவு சொன்னேன், அவள் தம்பியைப் பற்றிச் சொல்லவில்லையே. சொல்லாமல் இந்தக் கதை நகராது.

அவளுக்கு ஆறு வயது இளையவன். கூடப் பிறந்தது அவன் ஒருவன்தான். ஊரிலிருந்து மூன்று மைல் தள்ளி நாலு ஏக்கர், அதில் மக்காச்சோளம். மூன்று வருஷமாகப் பயிர் முழங்கால் உயரம் வரும்போதே இலை ஓரமெல்லாம் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறிவிடும். பிறகு ஏனோதானோவென்று நிற்கும். கதிர் பிடித்தால் பாதி மணி, பாதி பொக்கை. உரக்கடைக்காரர் இன்னொரு மூட்டை போடச் சொல்வார். இவனும் போடுவான். இலை மறுபடியும் கத்திரிப்பூ. இந்தப் போகமும் இப்படியே போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு மைத்துனன் இருக்கும் தூரத்துப் பட்டணத்துக்குப் போய், கிடங்கில் காவலாளியாக நிற்கப்போவதாகச் சொல்லிவிட்டான். சும்மா சொல்லவில்லை. குத்தகைக்கு ஆளும் பார்த்தாயிற்று.

அவன் போய்விட்டால் பினாயிலக்காவுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் விதைப்புக்கு முன்னால் எட்டுக் கிருமிப் பொட்டலங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவன் வாசலில் போய் நின்றாள். மக்கிய எருவோடு எப்படிக் கலப்பது, எப்போது தூவுவது என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும், பூச்சி மருந்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது என்று மூன்று தடவை சொன்னாள்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "நீ சொன்னா சரிக்கா" என்றான். அந்த மூன்று வார்த்தையில் அவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது. திரும்பும் வழியில் சைக்கிள் பறந்தது.

இனி நடந்த விபரீதம்.

அந்தப் பொட்டலங்கள் தயாராவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நிலையத்துக்கு விடுமுறை. பினாயிலக்காவுக்கு விடுமுறை என்றால் உடம்பு அரிக்கும். நிலையத்து மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி பல நாளாக அவள் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. உள்ளே பாசி, அடியில் வண்டல். சாவி அவளிடம்தான் இருந்தது. தனியாக மாடி ஏறி, தொட்டிக்குள் இறங்கி, சுரண்டி, தேய்த்து, அலசிப் பளபளவென்று ஆக்கினாள். கிணற்றுத் தண்ணீரை ஏற்றி நிரப்பினாள். அதன்பின் இருபத்திரண்டு வருஷக் கை தானாக நீண்டது. வீட்டிலிருந்து கொண்டு வந்த டப்பாவைத் திறந்து, ஆஸ்பத்திரி அளவில், இரண்டு கை நிறைய பிளீச்சிங் பவுடரை அள்ளித் தூவி மூடியைப் போட்டாள். யாருக்கும் சொல்லவில்லை. நல்ல காரியத்தைச் சொல்லிக்காட்டுவது அவளுக்குப் பிடிக்காது.

திங்கட்கிழமை அந்தத் தண்ணீரை டிரம்மில் பிடித்து, பத்து நாள் வளர்த்த கிருமித் திரவத்தை அதில் ஊற்றி நீர்க்கச் செய்து, ஒரு மணி நேரம் வைத்திருந்து கரி மண் தூளில் கலந்தார்கள். வேன் ஓட்டுகிறவர் மட்டும் மூக்கைச் சுளித்து, "என்ன, நீச்சல் குளத்து வாசனை அடிக்குது" என்றார். மேடத்துக்கு அன்று கடுமையான ஜலதோஷம், ரோஜாப்பூவைக் காட்டினாலும் தெரியாது. பினாயிலக்காவுக்கோ அந்த வாடை ஒரு வாடையே இல்லை. அவள் அதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள்.

வழக்கப்படி சோதனைத் தட்டுகளை அடைகாக்க வைத்தார்கள். முளைப்பதைப் பார்த்துத்தான் பொட்டலங்களை வெளியே விட வேண்டும். அதற்கு நாலைந்து நாள் ஆகும். ஆனால் புதன்கிழமையே மழை முந்திக்கொண்டது. மண் ஈரமாகிவிட்டது, விதைக்க வேண்டும் என்று முப்பது நாற்பது பேர் கேட்டில் நின்றார்கள். மேடம் தயங்கினார். ஆறு மாதமாக ஒன்றுகூடக் கெட்டதில்லையே என்ற தைரியத்தில் கொடுத்து அனுப்பிவிட்டார். தம்பிக்கு உரிய எட்டையும் பினாயிலக்கா அன்றைக்கேதான் கொண்டு போனாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை மேடம் தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றில் எதுவும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. ஆறு தட்டும் பால் மாதிரி வெள்ளையாக, ஒரு புள்ளி இல்லாமல் இருந்தன.

"எவ்வளவு சுத்தமா இருக்கு" என்றாள் பினாயிலக்கா.

"அதான்க்கா பிரச்சனை. ஒண்ணும் முளைக்கல. எல்லாம் செத்துப்போச்சு." மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எப்படின்னே புரியல. வளர்ப்பு நல்லாத்தான் இருந்துச்சு. நானே பார்த்தேன்."

பினாயிலக்காவுக்குப் புரிந்துவிட்டது. மாடித் தொட்டி, டப்பா, இரண்டு கை நிறைய. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தொட்டித் தண்ணீர் அதற்குள் இரண்டு முறை தீர்ந்து நிரம்பியாகிவிட்டது, தடயம் ஏதும் இல்லை. சூடு அதிகமாகியிருக்கும், மழைக்காலம், ஏதோ ஒன்று என்று பேச்சு ஓய்ந்திருக்கும். ஒரு நிமிஷம் அப்படி நினைத்தாள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மனுஷிதானே.

"மேடம்," என்றாள், "நான்தான் கொன்னுட்டேன்."

முழுவதையும் மேடம் கேட்டார். பிறகு தும்மினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கியதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "தொட்டி நல்லா பளபளன்னு இருக்குமேக்கா" என்றார். "தட்டு முளைக்கறதுக்கு முன்னாடி வெளிய விட்டது என் தப்பு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் கொன்னோம். பயிர் முளைச்ச பிறகும் எருவுல கலந்து வேர் ஓரமா வைக்கலாம், பலன் உண்டு. பன்னெண்டு நாள்ல புதுசு தயார் பண்ணுவோம். விவசாயிங்களுக்குப் பொட்டலம் சரியில்லைன்னு ஒரு தாள் அனுப்பிடறேன்."

"தாள் வேணாம் மேடம். நான் போய் நேர்ல சொல்றேன்."

"அக்கா, திட்டுவாங்க."

"திட்டட்டும். கழுவினது நான்தானே."

வாங்கினவர்கள் பட்டியலைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சைக்கிள் மிதித்தாள். தம்பி பெயர் பட்டியலில் மூன்றாவதாக இருந்தது. அதை மட்டும் தாண்டித் தாண்டிப் போனாள். ஒரு வீட்டில் அவளை வாசலிலேயே நிற்க வைத்து வறுத்தெடுத்தார்கள். ஒருவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "கிருமியைக் கொல்றதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டாம், என் பொட்டலத்தை நான் வெயில்லயே வச்சிருந்தேன்" என்றார். ஒரு அம்மா, பிள்ளைகள் கை வைக்கக் கூடாதென்று பொட்டலத்தை அடுப்புக்கு மேல் பரணில் பத்திரப்படுத்தியிருந்தார். பினாயிலக்காவுக்கு அந்த அம்மா மேல் கோபம் வரவில்லை. நாமும் இப்படித்தானே பத்திரப்படுத்திக் கொன்றோம் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியாக ஒரே ஒரு பெயர் மிஞ்சியது.

அந்த மூன்று மைலும் ஒரே யோசனை. யாரை வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம். "நீ சொன்னா சரிக்கா" என்றவனிடம் எப்படிச் சொல்வது? அவன் என்னை நம்பி நாலு ஏக்கரிலும் செத்த தூளைத் தூவி வைத்திருக்கிறான். பயிர் போனால் அவனும் போவான். அதற்கு நானே காரணம் ஆவேன். இதை நினைத்து நினைத்து வழியில் இரண்டு இடத்தில் இறங்கி நின்றாள்.

தம்பி கிணற்று மோட்டார் அறை வாசலில் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி சோள மூட்டைச் சாக்குகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பினாயிலக்கா சைக்கிளை நிறுத்தவில்லை, அப்படியே சாய்த்தாள். அது விழுந்தது. உட்காரச் சொன்னதையும் காதில் வாங்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள்.

"என்னை நம்பி நிலம் பூராவும் போட்டுட்ட. நான் உன்னை ஏமாத்திட்டேன்டா."

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. ஸ்பேனரைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் சாக்கை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு உதடு துடிக்க நின்றாள்.

"சொல்லுங்க" என்றாள் அவள் கணவனிடம். "அண்ணி அழறாங்க இல்ல, சொல்லித் தொலைங்க."

"என்னத்தடா சொல்லணும்?"

"அதுவந்துக்கா..." அவன் பிடரியைச் சொறிந்தான். "நான் போடலையேக்கா."

"எதை?"

"பொட்டலத்தை. ஒண்ணைக்கூடப் பிரிக்கல."

"மோட்டார் ரூம்லதான் இருக்கு அண்ணி" என்றாள் தம்பி பெண்டாட்டி. அதற்குமேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "பூச்சி மருந்து டின்னுக்குப் பக்கத்துல."

பினாயிலக்கா உள்ளே போய்ப் பார்த்தாள். எட்டும் இருந்தன. கட்டிய சணல்கூட அவிழவில்லை. நியாயமாகப் பார்த்தால் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டிய இடம். பயிருக்கு ஒரு கெடுதலும் இல்லை, அவளால் தம்பி கெட்டுப்போகவில்லை. ஆனால் அவன் நம்பி ஏமாந்துபோனான் என்று நினைத்தபோது வலித்ததைவிட, அவன் நம்பவே இல்லை என்று தெரிந்தபோது அதிகமாக வலித்தது.

"அப்ப எதுக்குடா 'நீ சொன்னா சரிக்கா'ன்ன?"

"உன் முகத்தைப் பார்த்து வேணாம்னு சொல்ல முடியலக்கா. அவ்வளவு ஆசையா வந்து நின்ன. வாழ்க்கை பூரா கிருமி கிருமின்னு எங்களைக் கை கழுவ வச்சவ, திடீர்னு கிருமியைக் கொண்டாந்து நிலத்துல போடுன்னா நான் என்னன்னு நினைக்கறது?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கூடுதல் எரிச்சல். எட்டுப் பொட்டலத்தையும் கூடையில் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாள். தம்பி பெண்டாட்டி டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். இருக்கட்டும் என்றாள்.

கேட்டைத் தாண்டும்போது அவன் பின்னாலிருந்து கேட்டான். "புதுசு எப்பக்கா வரும்?"

"பன்னெண்டு நாள் ஆகும்" என்றாள், திரும்பிப் பார்க்காமல். முகத்துக்காகக் கேட்கிறான் என்று நினைத்தாள். இந்தத் தடவை அவள் பறக்கவில்லை, மெதுவாகத்தான் மிதித்தாள்.

புது வளர்ப்பைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தார்கள். தொட்டியின் மூடிக்கு மேடம் பூட்டு போட்டார். சாவியை அவளிடமே கொடுத்தார், அது மேடத்தின் குணம். கலக்கும் தண்ணீரைப் பினாயிலக்கா ஒவ்வொரு குடமாக முகர்ந்து பார்த்து, நம்பிக்கை வராமல் வேன்காரரையும் கூப்பிட்டு முகரச் சொன்னாள். அவருக்கு அந்த வாரம் அதுவே உத்தியோகமாகிவிட்டது. தட்டுகள் முளைத்தன. ஒவ்வொன்றிலும் புள்ளிகள், வளையங்கள். எண்ணிப் பார்த்துத்தான் பொட்டலங்கள் வெளியே போயின. தம்பிக்கு உரிய எட்டை அவள் கொண்டு போகவில்லை. வேன்காரரிடம் கொடுத்தனுப்பினாள். இன்னொரு தடவை ஆசையாக நிற்க அவளுக்குத் தெம்பில்லை.

அதன் பிறகு ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. கணவர் இரண்டு முறை கேட்டார். வேலை அதிகம் என்று சாக்குப்போக்கு சொன்னாள். "ரேடியோவை வேணா இன்னொரு தடவை துடைக்கறியா?" என்று கேட்டுப் பார்த்தார் அவர். அதற்கும் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி பெண்டாட்டியே ஆள் விட்டு அனுப்பினாள். அண்ணியை உடனே வரச் சொன்னாளாம், காரணம் சொல்லவில்லை. பினாயிலக்கா சாமான் கட்டுகிறார்கள் என்றே முடிவு செய்துகொண்டாள். பாத்திரம் அடுக்க உதவியாக இருக்கட்டும் என்று நாலு பழைய சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

தம்பி அவளை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. நேராக வரப்புக்கு நடத்திக்கொண்டு போனான். மக்காச்சோளம் இடுப்பு உயரம் நின்றது. இலைகள் அகலமாக, கரும்பச்சையாக, ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டிருந்தன. வாய்க்கால் ஓரத்தில் மட்டும் எட்டு வரிசை குட்டையாக, இலை ஓரமெல்லாம் பழைய கத்திரிப்பூ நிறத்தில் தலை தொங்கி நின்றது. பினாயிலக்கா பச்சையைப் பார்த்தாள், எட்டு வரிசையைப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை.

"அந்த எட்டு வரிசைக்குப் போடல" என்றான் தம்பி. "வேணும்னுதான் விட்டேன். உண்மையான்னு கண்ணால பார்க்கணும் இல்ல."

"மிச்சத்துக்கெல்லாம் போட்டியா?"

"நாங்க ரெண்டு பேருமா எருவுல கலந்து ஒவ்வொரு வேருக்கும் வச்சோம். மூணு நாள் பிடிச்சுது. இவளுக்கு இடுப்பு நிமிரல."

அவள் உட்கார்ந்து பச்சை வரிசையில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். வேரெல்லாம் மயிர் மயிராகப் பரவி, மண்ணை விடாமல் கவ்விக்கொண்டிருந்தது. கை முழுக்க மண். அதைத் துடைக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. சந்தோஷம் தாங்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"குத்தகைக்காரர் நேத்து வந்தாரு" என்றான் அவன். "இப்போதைக்கு இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அவளுக்குப் பேச்சு சண்டைக்காரக் குரலில்தான் வந்தது. "நம்பிக்கை இல்லைன்னுதானேடா அன்னிக்குச் சொன்ன? பின்ன எதுக்குப் போட்ட? பாவம் பார்த்தா?"

தம்பி வரப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பிடுங்கிய செடியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"உரக்கடையில இருபது வருஷமா மூட்டை வாங்கறேன்க்கா. ஒரு தடவைகூட யாரும், 'தம்பி, நான் குடுத்த மூட்டை சரியில்ல'ன்னு வந்து சொன்னதில்ல. கேட்டா உன் நிலம் சரியில்லைம்பாங்க, மழை சரியில்லைம்பாங்க. நீ ஒருத்திதான் சைக்கிளைக் கீழ போட்டுட்டு, செத்துப்போச்சு, நான்தான் கொன்னேன்னு என் வாசல்ல நின்னு அழுத. நீ போன பிறகு யோசிச்சேன். செத்ததைச் செத்துச்சுன்னு சொல்றவ, உயிரோட இருக்குன்னு சொன்னா அது இருக்கும்."